எஃகை வேதி முறையில் மெருகேற்றினால் துருவும் நின்றுவிடுமா?

குறைகரி எஃகில் (கரிமம் குறைந்த சாதாரண எஃகில்) கடைந்தும் துளையிட்டும் செய்யப்பட்ட சிறு பாகங்களுக்கு, பஃபிங் சக்கரம் எட்டாத உள்வளைவுகளிலும் துளைகளிலும் கூடப் பளபளப்பு வேண்டும் என்கிறீர்கள். அதற்காக அவற்றை வேதிக் கரைசலில் முக்கி மெருகேற்றினால் துருப்பிடிப்பதும் சேர்ந்தே நின்றுவிடுமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாகங்களையும் அதே தொட்டியில் போடலாமா என்பவை உங்கள் கேள்விகள். சுருக்கமாகச் சொன்னால், சாதாரண எஃகில் மெருகேற்றல் துருவைத் தடுக்காது. புதிதாக மெருகேறிய பரப்பு, கழுவிய ஈரம் காய்வதற்குள்ளாகவே துருப்பிடிக்கத் தொடங்கக்கூடியது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நிலைமை வேறு. அங்கே சரியாகச் செய்த மெருகேற்றலே பாதுகாப்பின் பெரும்பகுதியாக அமைந்துவிடும். இரண்டையும் ஒரே தொட்டியில் போடக் கூடாது. மூன்று விடைகளுக்கும் அடிப்படை ஒன்றே என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வேதி நிகழ்வு. பரப்பின் மீது ஈரப்படலம் படிந்தவுடன் சில இடங்களில் இரும்பு அயனிகளாகக் கரைந்து எலக்ட்ரான்களை விட்டுச் செல்கிறது. வேறு இடங்களில், ஈரத்தில் கரைந்துள்ள ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்கிறது. இரண்டிலிருந்தும் பிறக்கும் ஹைட்ராக்சைடு மேலும் ஆக்சிஜனேற்றம் பெற்றுப் பழுப்பு நிறத் துருவாகிறது. துரு தான் உருவான உலோகத்தைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும்; நுண்துளைகள் நிறைந்து பொரிந்து நிற்கும்; எனவே அடியிலுள்ள உலோகத்தை அது மூடிக் காப்பதில்லை. இதற்குக் கண்ணில் படும் அளவுக்கு நீர் தேவையில்லை. 1930களில் அரிமான ஆய்வாளர் வெர்னான் நடத்திய ஆய்வுகள், கந்தக டை ஆக்சைடு கலந்த காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டியதும் இரும்பின் அரிமானம் சட்டென்று ஏறுவதைக் காட்டின. உப்புத் துகள்களோ விரல்ரேகையில் இருக்கும் குளோரைடோ பரப்பில் இருந்தால், அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே அவை நீரை இழுத்துக்கொள்ளும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கிறது. அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து சில நானோமீட்டர் தடிமன் மட்டுமே உள்ள, அடர்ந்த, கரையாத ஆக்சைடு படலத்தை உருவாக்குகிறது. கீறினாலும், ஆக்சிஜன் கிடைக்கும் வரை அது தானாகவே மீண்டும் மூடிக்கொள்கிறது. இரும்புக்கும் இப்படி ஒரு நிலை உண்டு. அடர் நைட்ரிக் அமிலத்தில் முக்கிய இரும்பு கரையாமல் அப்படியே நிற்பதைப் பற்றி வேதியியலாளர் ஷோன்பைன் 1836இல் மைக்கேல் ஃபாரடேக்கு எழுதினார். ‘செயலற்ற நிலை’ பற்றிய ஆய்வுகள் வேகம் பெற்றது அந்தக் கடிதப் போக்குவரத்தில்தான். ஆனால் இரும்பின் அந்தப் படலம் அமிலத்தை நீர்த்தாலோ பரப்பைக் கீறினாலோ குலைந்துவிடும். சாதாரணக் காற்றிலும் நீரிலும் நிலைக்கும் படலம் குரோமியம் கலந்த எஃகுக்கே வாய்த்திருக்கிறது.

வேதி மெருகேற்றல் என்பது கட்டுப்படுத்தப்பட்ட கரைப்பு. உலோகம் கரையும்போது அதன் பரப்பை ஒட்டி, கரைந்த உப்புகள் செறிந்த ஒரு குழைவான நீர்மப் படலம் உருவாகிறது. மேட்டின் மீது இந்தப் படலம் மெல்லியதாகவும் பள்ளத்தில் தடித்தும் இருப்பதால், புது அமிலம் மேட்டை விரைவில் எட்டுகிறது. கரைந்த உலோகமும் அங்கிருந்து விரைவில் விலகுகிறது. எனவே மேடுகள் வேகமாகத் தேய்ந்து பரப்பு சமமாகிறது. அதோடு, கரைசலில் உள்ள ஆக்சிஜனேற்றி பரப்பில் மிக மெல்லிய படலம் ஒன்றை விடாமல் உருவாக்கிக்கொண்டே இருக்க, அமிலம் அதை விடாமல் கரைத்துக்கொண்டே இருக்கிறது. இந்தப் படலம் இருப்பதால், படிகத்தின் எந்த முகம் எளிதில் கரையும், எது கரையாது என்ற வேறுபாடு மறைந்துவிடுகிறது. வெறும் அமிலத்தில் போட்ட எஃகு மங்கிச் சொரசொரப்பாவதற்கும் மெருகுக் கரைசலில் போட்டது மின்னுவதற்கும் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

இந்த வழிமுறையை மனத்தில் வைத்துக்கொண்டால் அதன் எல்லைகளும் விளங்கும். நுண்மையான சொரசொரப்பு மறையும். கடைசல் உளி விட்ட ஆழமான தடங்களும் தகடு உருட்டும்போது ஏற்பட்ட அலைவும் மறையாது, மாறாகப் பளபளப்பில் இன்னும் தெளிவாகத் தெரியும். தடங்கள் ஆழமாக இருந்தால் முதலில் நுண்ணிய மணல்தாள் அளவுக்காவது இயந்திர முறையில் தேய்த்துவிட்டு வேதித் தொட்டிக்கு வருவதே சரி. பாகத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் உலோகம் குறையும் என்பதையும் அளவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். பக்கத்துக்கு 10 மைக்ரான் கரைந்தால் தண்டின் விட்டம் 20 மைக்ரான் குறையும். துளையின் விட்டம் 20 மைக்ரான் கூடும். கூர்விளிம்புகளும் மரைகளின் முகடுகளும் இதைவிட வேகமாகக் கரையும். இறுக்கமாகப் பொருந்த வேண்டிய பாகமானால் வரைபடத்திலேயே இந்தக் குறைவுக்கு இடம் விட்டாக வேண்டும்.

குறைகரி எஃகுக்கு நன்கு அறியப்பட்ட கரைசல் ஆக்சாலிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தது. ஒரு லிட்டர் நீருக்கு ஆக்சாலிக் அமிலம் 25 கிராம், தூய ஹைட்ரஜன் பெராக்சைடு 13 கிராம், கந்தக அமிலம் 0.1 கிராம் என்பது இதன் பழைய, நிலைபெற்ற விகிதம். 30 சதவீதப் பெராக்சைடாக ஊற்றினால் லிட்டருக்கு ஏறக்குறைய 40 மில்லிலிட்டர் வரும். அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும். வேகம் குறைவு; ஆனால் நச்சுப்புகை கக்காது, கட்டுப்படுத்துவதும் எளிது. அம்மோனியம் பைஃபுளூரைடும் பெராக்சைடும் சேர்ந்த கரைசல்கள் இதைவிட வேகமானவை, பளபளப்பும் கூடுதலாகவே தருபவை. ஆனால் ஃபுளூரைடு அமிலத்தில் சேரும்போது ஆபத்தான ஹைட்ரோஃபுளூரிக் அமிலமாகிறது. முதன்முதலாக இந்த வேலையில் இறங்குபவருக்கு நான் ஆக்சாலிக் கரைசலையே பரிந்துரைப்பேன்.

அந்தத் தொட்டியைக் கவனித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. பாகத்தை இறக்கியதும் பரப்பெங்கும் சிறு குமிழிகள் எழும். கரைசல் மெல்ல மெல்லப் பச்சை கலந்த மஞ்சளாக மாறும். கரைந்த இரும்பைப் பெராக்சைடு மூவிணைதிற நிலைக்கு (மூன்று எலக்ட்ரான் இழந்த நிலைக்கு) ஏற்றுவதும், அது ஆக்சலேட்டுடன் சேர்ந்து நீரில் கரையும் பச்சை நிறச் சேர்மமாவதும் இந்த நிறத்துக்குக் காரணம். பெராக்சைடு குறைந்துபோனால் இரும்பு ஈரிணைதிற நிலையிலேயே (இரண்டு மட்டும் இழந்த ஃபெரஸ் நிலையிலேயே) தங்கி, நீரில் கரையாத மஞ்சள் நிற ஃபெரஸ் ஆக்சலேட்டாகப் பாகத்தின் மீது மாவுபோல் படியும். மஞ்சள் மாவு தெரிந்தால் ஆக்சாலிக் அமிலம் சேர்ப்பதில் பயனில்லை. பெராக்சைடு சேர்க்க வேண்டும். வெயில் நேரே படும் இடத்தில் தொட்டியை வைத்தாலும் இதே தொல்லை வரும். பச்சைச் சேர்மம் ஒளியால் சிதைந்து மீண்டும் ஃபெரஸ் நிலைக்கு இறங்குகிறது. வேதியியலாளர்கள் ஒளியின் அளவைக் கணக்கிடவே அதைப் பயன்படுத்தும் அளவுக்கு அதன் ஒளியுணர்வு கூர்மையானது. கரைந்த இரும்பு பெராக்சைடை வீணாகச் சிதைக்கவும் செய்யும். வெப்பநிலை ஏற ஏற இந்தச் சிதைவு விரைவுபடும். ஆகையால் பயன்படுத்திய கரைசலை நாள் கணக்கில் சேமித்து வைத்து, முதல் நாளின் மெருகை எதிர்பார்ப்பது வீண்.

எல்லா எஃகும் இதற்கு ஒத்துவராது. கரிமம் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் எஃகில் நல்ல விளைவு கிடைக்கும். கரிமம் கூடக் கூட, அமிலத்தில் கரையாத கார்பைடு கரிய அழுக்காகப் பரப்பில் தங்கும்; வார்ப்பிரும்பில் கிராஃபைட்டே வெளிப்பட்டு நிற்பதால் மெருகு என்ற பேச்சுக்கே இடமில்லை. எளிதில் கடைவதற்காகக் கந்தகம் கூட்டிய எஃகு வகைகளில், மாங்கனீசு சல்ஃபைடு இழைகள் கரைந்து வெளியேறிய இடமெல்லாம் குழிகளாகும். கடைசல் பாகங்கள் பெரும்பாலும் இத்தகைய எஃகில்தான் செய்யப்படுகின்றன என்பதால், உங்கள் மூலப்பொருளின் தரச் சான்றில் கந்தகத்தின் அளவை முதலில் பாருங்கள். அது 0.1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எந்தக் கரைசலும் கண்ணாடி மெருகு தராது.

முன்தயாரிப்பைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. ஆனால் அதைத் தவிர்க்கவும் முடியாது. கடைசல் எண்ணெயை 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள காரக் கரைசலால் நீக்கி, நன்கு அலசி, பாகத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். நீர் முழுப்பரப்பிலும் ஒரே படலமாக நின்றால் சுத்தம். துளித்துளியாக உடைந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. சூட்டில் உருட்டிய எஃகின் கருஞ்செதில் இருந்தால் அதை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பிக்லிங் செய்து, அதாவது முக்கிக் கரைத்து, நீக்க வேண்டும். செதில் கரைந்த பிறகு உலோகத்தை அமிலம் அரிக்காதிருக்க ஹெக்சமின் போன்ற தடுப்பானைச் சேர்ப்பார்கள். உயர்வலிமை எஃகில் இங்கே ஓர் ஆபத்து உண்டு. பிக்லிங்கிலும் மின்முலாம் பூசுவதிலும் பிறக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் புகுந்து, சுமை ஏறும்போது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அதை முறித்துவிடும். இழுவலிமை 1000 மெகாபாஸ்கலுக்கு மேற்பட்ட சுருள்வில், போல்ட் போன்றவற்றை அமிலத்தில் நெடுநேரம் வைக்கக் கூடாது. முலாம் பூசியபின் தாமதிக்காமல் 190 முதல் 220 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சூடேற்றி ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். பெராக்சைடு கலந்த மெருகுக் கரைசலில் ஹைட்ரஜன் பிறப்பது குறைவு; எலக்ட்ரான்களைப் பெராக்சைடே ஏற்றுக்கொள்கிறது.

இனி, பெரும்பாலோர் கோட்டைவிடும் இடத்துக்கு வருகிறேன்: மெருகுத் தொட்டிக்கும் பாதுகாப்புப் பூச்சுக்கும் இடைப்பட்ட சில நிமிடங்கள். தொட்டியிலிருந்து எடுத்த பாகத்தின் மீது எண்ணெயும் இல்லை, பழைய ஆக்சைடும் இல்லை, காக்கும் படலமும் இல்லை. இருப்பதெல்லாம் அமிலத்தின் எச்சமும் ஈரமும்தான். காற்று பட்டவுடன் வெள்ளிபோல் இருந்த பரப்பில் தேநீர்க் கறைபோன்ற மஞ்சள் பூக்கத் தொடங்கும்; துளைகளின் வாயிலும் பாகத்தைத் தொங்கவிட்ட கம்பி தொட்ட இடத்திலும்தான் அது முதலில் தெரியும், ஏனெனில் அமிலம் தேங்குவது அங்கேதான். மெருகு நன்றாக வந்த பாகத்தை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போனால் உழைப்பு வீணாகிவிடும். எனவே தொட்டிகளை வரிசையாக அடுத்தடுத்து வைத்து, பாகம் எந்த இடத்திலும் பாதி ஈரத்தோடு காற்றில் காத்திருக்காதபடி வேலையை அமைக்க வேண்டும்.

முதல் அலசலை ஓடும் நீரில் செய்து, உடனே மென்காரக் கரைசலில் முக்கி அமில எச்சத்தை நடுநிலையாக்கி, பிறகு உப்பு நீக்கிய நீரில் அலச வேண்டும். சாதாரணக் குழாய் நீரில் உள்ள குளோரைடே பின்னாளில் துருவின் விதையாகும் என்பதால் கடைசி அலசலில் உப்பு நீக்கிய நீருக்கு மாற்றில்லை. கடைசி நீரில் சிறிதளவு சோடியம் நைட்ரைட்டைச் சேர்த்து, பி.எச். எனும் அமில–கார அளவை 9க்கு மேல் வைத்தால், காயும் வரைக்கும் திடீர்த் துரு எழாது. ஆனால் நைட்ரைட்டை அமிலத்தோடு கலக்கவிடக் கூடாது. நைட்ரஜன் ஆக்சைடு நச்சுப்புகை எழும். சிலவகை அமீன்களோடு சேர்ந்தால் நைட்ரோசமின்கள் உண்டாகக்கூடும் என்பதால் அமீன் கலந்த எண்ணெய்களுக்கு முன் அதைத் தவிர்ப்பது நல்லது. மறுபக்கம் திறக்காத குருட்டுத் துளைகளில் நீர் நின்றுவிடும். அழுத்தக் காற்றால் ஊதி வெளியேற்றிய பிறகே சூடான காற்றில் உலர்த்த வேண்டும். அந்த நேரத்திலிருந்து கையுறை இல்லாமல் பாகத்தைத் தொடக் கூடாது.

அடுத்து நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, அந்தப் பளபளப்பு கடைசிவரை கண்ணுக்குத் தெரிய வேண்டுமா என்பதுதான். தெரியத் தேவையில்லை என்றால் மெருகேற்றலே பல நேரங்களில் தேவையற்ற வேலையாகிவிடும். தடித்த பெயின்ட் பூச்சு மழமழப்பான பரப்பில் சரியாகப் பிடிக்காது. அதற்குத் துகள் வீசிச் சொரசொரப்பாக்கிய பரப்பே ஏற்றது. பாஸ்பேட்டிங் என்பது எஃகின் மீது துத்தநாக பாஸ்பேட்டோ மாங்கனீசு பாஸ்பேட்டோ படிகங்களாக வளர்வது. 1906இல் காஸ்லெட் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்த இந்தத் தொழில்நுட்பம் பெயின்ட்டுக்கும் எண்ணெய்க்கும் அருமையான அடித்தளம் தருவது. ஆனால் பரப்பைச் சாம்பல் நிறத்தில் மங்கலாக்கிவிடும். மெருகேற்றிய பாகத்தைப் பாஸ்பேட் செய்வது முரண்பட்ட வேலை.

பளபளப்பு தெரிய வேண்டும் என்றால் வழிகள் சிலவே. மிக எளியது எண்ணெய். நீரை விலக்கிப் பரப்பில் ஒட்டும் வகை எண்ணெயில் ஈரத்தோடு முக்கினாலும் அது நீரைக் கீழே தள்ளிவிட்டுத் தான் படியும். கட்டடத்துக்குள், உறைக்குள், குறுகிய காலத்துக்கு அது போதும். ஆவியாகித் துருவைத் தடுக்கும் வேதிப்பொருள் ஏற்றிய தாளில் சுற்றி மூடினால் காலம் இன்னும் நீளும், தாள் படாத உட்பகுதிகளுக்கும் ஆவி போய்ச் சேரும். ஆனால் உறையைப் பிரித்த பிறகு அந்தக் காப்பு விரைவில் நீங்கிவிடும்.

ஒளிபுகும் லேக்கர் பூச்சு பார்க்க அழகாக இருக்கும். எனக்கு அதன்மேல் முழு நம்பிக்கை இல்லை. ஒரு கீறலோ விளிம்பில் மெல்லிய இடமோ போதும்; அங்கிருந்து லேக்கருக்கு அடியில் நூல் நூலாகத் துரு ஓடத் தொடங்கும். இழை அரிமானம் என்று இதைச் சொல்வார்கள். இழையின் தலைப்பகுதி அமிலத்தன்மையோடு உலோகத்தைத் தின்றுகொண்டே முன்னேற, பின்னால் உலர்ந்த துரு வாலாக நீளும். ஈரப்பதம் மிகுந்த காற்றில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் திரும்பித் திரும்பி வளர்வது தெளிவாகத் தெரியும். மெருகேறிய எஃகும் ஒளிபுகும் மெல்லிய பூச்சும் சேர்ந்த இடத்தில் இது மிகவும் கண்ணில் படும். லேக்கர் பூசுவதானால் பரப்பில் உப்பு எச்சம் சிறிதும் இல்லாமல், சிலேன் போன்ற ஒட்டுப்பொருளின் மீது, அடுப்பில் சூடேற்றி இறுகும் வகையைப் பூசுங்கள். விளிம்புகளை முன்கூட்டியே மழுக்கிவிடுங்கள்.

துத்தநாக மின்முலாமும் நிக்கல் முலாமும் காக்கும் விதம் வெவ்வேறு. துத்தநாகம் எஃகைவிட எளிதில் கரைவதால், முலாமில் துளை விழுந்தாலும் தான் கரைந்து எஃகைக் காக்கும். 8 முதல் 12 மைக்ரான் துத்தநாகமும் அதன்மேல் மூவிணைதிறக் குரோமியப் படலமும் சேர்ந்தால் நீலம் கலந்த நல்ல பளபளப்பு கிடைக்கும். முன்பு வழங்கிய ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது என்பதால் ஐரோப்பிய விதிகளும் பிறவும் அதை விலக்கிவிட்டன. நிக்கல் எஃகைவிடக் கரையத் தயங்கும் உலோகம். அது முழுமையாக மூடியிருக்கும் வரை காக்கும். ஒரு நுண்துளை இருந்தால் அந்தப் புள்ளியில் எஃகு தனியாக மாட்டிக்கொண்டு வேகமாக அரிக்கும். அடிப்பரப்பு எவ்வளவு மழமழப்பாக இருக்கிறதோ அவ்வளவு குறைவாக நிக்கலில் நுண்துளைகள் விழும் என்பதால், வேதி மெருகேற்றலுக்கு உண்மையான பயன் கிடைப்பது நிக்கலுக்கு முன்னால்தான்.

உங்கள் பாகங்களின் உள்வளைவுகளை எண்ணிப் பார்த்தால், மின்சாரம் இல்லாமல் படியும் நிக்கல்–பாஸ்பரஸ் முலாமே மிகப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரென்னரும் ரிடெலும் 1946இல் வெளியிட்ட இந்த முறையில், 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஹைப்போபாஸ்பைட் நிக்கலை ஒடுக்கி உலோகமாகப் படியச் செய்கிறது. மின்முலாம் விளிம்புகளில் தடித்தும் குழிகளில் மெலிந்தும் படியும். இதுவோ கரைசல் எட்டும் இடமெல்லாம் ஒரே தடிமனில் படியும். பாஸ்பரஸ் 10 சதவீதத்துக்கு மேற்பட்ட வகையை 20 மைக்ரான் அளவில் பூசினால், பெரும்பாலான உட்புறப் பயன்பாடுகளுக்கும் மிதமான வெளிப்புறச் சூழலுக்கும் போதும். கடல்காற்று நேரே படும் இடத்துக்குச் சாதாரண எஃகின்மேல் பூச்சுகளை அடுக்குவதைவிட மூலப்பொருளையே மாற்றுவது மேல்.

அப்படி மாற்றினால் வருவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆக்சாலிக்–பெராக்சைடு தொட்டியில் அதைப் போட்டால் ஏறக்குறைய எதுவும் நடக்காது. பெராக்சைடு அதன் செயலற்ற படலத்தை இன்னும் உறுதிப்படுத்துமே தவிர, கரைக்காது. அதன் வேதி மெருகேற்றலுக்குப் பாஸ்பாரிக், நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்கள் சேர்ந்த சூடான கரைசல்கள் தேவை. அவற்றில் சாதாரண எஃகைப் போட்டால் கடுமையாக அரித்து, கரைசலை இரும்பால் நிறைத்துக் கெடுத்துவிடும். வாய்ப்பிருந்தால் மின்வேதி மெருகேற்றலையே தேர்ந்தெடுங்கள். பாஸ்பாரிக், கந்தக அமிலக் கலவையில் பாகத்தை நேர்மின்வாயாக்கி மின்சாரம் செலுத்தும் இந்த முறை 1930களில் ஆய்வாளர் ழாக்கே செய்த பணியிலிருந்து வளர்ந்தது. பரப்பிலிருந்து 10 முதல் 40 மைக்ரான் வரை நீங்கும். இரும்பு கூடுதலாகக் கரைந்து, மேற்பரப்பில் குரோமியத்தின் விகிதம் உயரும். பளபளப்பும் காப்பும் ஒரே வேலையில் கிடைப்பது இங்கேதான். ஆழ்ந்த துளைகளின் உட்புறத்தை மட்டும் மின்னோட்டம் சரியாக எட்டாது. அங்கே துணை எதிர்மின்வாய் வைக்க வேண்டும், அல்லது வேதிக் கரைசலுக்குத் திரும்ப வேண்டும்.

இயந்திர முறையில் மட்டும் மெருகேற்றிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பழுப்புப் புள்ளிகள் தோன்றுவதற்குப் பெரும்பாலும் எஃகின் தரத்தைக் குறை சொல்ல முடியாது. சாதாரண எஃகில் பயன்படுத்திய கருவி, கம்பித் தூரிகை, தேய்ப்புச் சக்கரம் ஆகியவற்றிலிருந்து ஒட்டிய இரும்புத் துகள்கள் துருப்பிடிக்கின்றன. இவற்றை நீக்கச் செய்வதே பாஸிவேஷன். அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.மின் ஏ967 தரவரையறை, 20 முதல் 45 சதவீத நைட்ரிக் அமிலத்தில் 21 முதல் 32 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் என்றும், 4 முதல் 10 சதவீத சிட்ரிக் அமிலத்தில் 60 முதல் 71 டிகிரி செல்சியஸில் 4 நிமிடம் என்றும் வழிகள் தருகிறது. சிட்ரிக் அமிலம் புகையும் ஆபத்தும் குறைந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பரவலாக வழங்கும் 304, 316 வகைகளுக்கு நான் அதையே சொல்வேன். வெல்டிங் ஓரத்து நீல, பழுப்பு நிறங்களை இந்தக் கரைசல்கள் எடுக்கா. அந்த நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்த அடுக்கு இருப்பதால், அதைப் பிக்லிங் செய்தோ தேய்த்தோ முதலில் அகற்றிய பிறகே பாஸிவேஷன் செய்ய வேண்டும்.

வேலை சரியாக நடந்ததா என்பதைக் கண்ணால் முடிவு செய்ய முடியாது. ஸ்டெயின்லெஸ் பரப்பில் ஒட்டிய இரும்பைக் காண, அமிலம் கலந்த காப்பர் சல்ஃபேட் கரைசலால் 6 நிமிடம் ஈரமாக வைத்துப் பார்ப்பார்கள்; இரும்பு இருந்த இடத்தில் செம்பு படியும். உணவோடு தொடர்புள்ள பரப்புகளில் இந்தச் சோதனை கூடாது. நிக்கல் முலாமின் நுண்துளைகளைக் காண, ஃபெரிசயனைடும் உப்பும் கலந்த கரைசலில் நனைத்த வடிதாளைப் பரப்பில் ஒட்டி எடுத்தால், எஃகு வெளிப்பட்ட புள்ளிகள் நீலமாகத் தெரியும். 35 டிகிரி செல்சியஸில் 5 சதவீத உப்புநீரைத் தெளிக்கும் சால்ட் ஸ்பிரே சோதனை, ஒரே வகைப் பூச்சின் இரண்டு தொகுதிகளை ஒப்பிட உதவும். அதில் தாங்கிய மணி நேரத்தை வெளியில் தாங்கப்போகும் ஆண்டுகளாக மாற்றிச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும் இயற்கைச் சூழலை அந்தப் பெட்டி காட்டுவதில்லை.

பாதுகாப்பில் சிலவற்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. ஆக்சாலிக் அமிலம் பார்க்கச் சர்க்கரைபோல் வெண்படிகமாக இருந்தாலும், உடலில் புகுந்தால் கால்சியத்தைப் பிணைத்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நைட்ரிக் அமிலத்தின் செம்பழுப்புப் புகையைச் சுவாசித்தவர் அப்போது நலமாக இருப்பதுபோல் தெரிந்தாலும், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஃபுளூரைடு கரைசல் தோலில் பட்டால் வலி தாமதமாகவே தெரியும், அதற்குள் அது எலும்பு வரை இறங்கியிருக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாத தொழிற்கூடத்தில் ஃபுளூரைடைத் திறக்கவே கூடாது. பெராக்சைடு கலந்த கரைசலை இறுக மூடிய கலத்தில் வைத்தால், வெளியேற வழியில்லாத ஆக்சிஜன் கலத்தையே வெடிக்கச் செய்யும்.

தீர்ந்த கரைசலை அப்படியே வடிகாலில் விடக் கூடாது. மிச்சமுள்ள பெராக்சைடு திறந்த தொட்டியில் சிதையும் வரை விட்டுவைத்து, பிறகு சுண்ணாம்புப் பால் சேர்த்து பி.எச். அளவை 9க்கு அருகே கொண்டுவந்தால் இரும்பு ஹைட்ராக்சைடாக வீழ்படியும். எரிசோடாவைவிடச் சுண்ணாம்பு இங்கே மேலானது: இரும்பைக் கரைசலிலேயே பிடித்துவைக்கும் ஆக்சலேட்டையும், ஃபுளூரைடு, பாஸ்பேட் ஆகியவற்றையும் கால்சியம் சேர்த்தே வீழ்த்திவிடும். ஸ்டெயின்லெஸ் கரைசலில் குரோமியம் ஆறிணைதிற நிலையில் இருந்தால், முதலில் பி.எச். 2 முதல் 3க்குள் வைத்து சோடியம் பைசல்ஃபைட்டால் அதை ஒடுக்கிய பிறகே சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். மின்சாரமில்லா நிக்கல் முலாமின் கழிவை இவற்றோடு கலக்காமல் தனித் தொட்டியில் சேருங்கள். அதிலுள்ள கரிம அமிலங்கள் நிக்கலை விடாமல் பிடித்து வைத்திருப்பதால் சுண்ணாம்புக்கு மட்டும் அது படியாது. உரிமம் பெற்ற கழிவு நிலையத்துக்குத்தான் அதை அனுப்ப வேண்டும்.